வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்?



பள்ளிப் பரீட்சைகளில் வழிவழியாக வந்துகொண்டிருக்கும் வினா ஒன்று உண்டு: "வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்?" திருச்சியிலோ மதுரையிலோ படித்து வளர்ந்த தந்தை, "மார்க்கோனி" என்று தயங்காமல் விடை கூறுவார். உத்தியோகத்தின் பொருட்டு அவர் கொல்கத்தாவில் குடியிருந்தால், அண்டை வீட்டார் அவருடைய மகனிடம், "ஜகதீச சந்திர போஸ் என்று எழுது" என்பர். ருஷ்ய நாட்டுப் பிள்ளையைக் கேட்டாலோ, "போபோவ்" என்று சொல்லும். அந்நாட்டில் மே மாதம் 7-ஆம் நாளை வானொலித் திருநாளாகவே கொண்டாடுகின்றனர். ஒரு வினாவுக்கு மூன்று விடைகள்! பிள்ளை எதை நம்புவது? நாம் எதைக் கற்பிப்பது?

இம்மூவரில் ஒருவரைத் தேர்ந்து மற்ற இருவரையும் தள்ளிவிடுவது எளிது. ஆயின், அது வரலாறு ஆகாது. நம் மொழியில் வழங்கும் "கண்டுபிடித்தல்" என்ற சொல்லையே சற்று உற்று நோக்குவோம். அதில் காணுதல் ஒன்று, பிடித்தல் மற்றொன்று. இயற்கையில் மறைந்துள்ள உண்மையைக் காண்பவர் ஒருவராகவும், அதனைக் கருவியிலே பிடித்து மக்களுக்குப் பயன்படச் செய்பவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. இருவருக்கும் இடையே இன்னும் பலர் நிற்பதுமுண்டு. வானொலியின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் கண்டவர் மாக்ஸ்வெல். ஒளியைப் போன்றே வெளியில் பரவிச் செல்லும் மின்காந்த அலைகள் இருத்தல் வேண்டும் என்பதை, 1865-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் அவர் கணிதத்தின் வாயிலாக நிறுவினார். அவ்வலைகளைச் சோதனையில் எவரும் உண்டாக்கிக் காட்டுமுன்பே, 1879-இல் அவர் மறைந்தார். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் மின்பொறியினால் அவ்வலைகளை உண்டாக்கி, சற்றுத் தொலைவில் வைத்த கம்பி வளையத்தில் அவற்றின் வரவையும் உணர்ந்தார். அவரும் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளன்று, முப்பத்தாறே வயதில் காலமானார். பிரான்சு நாட்டுப் பிரான்லி, உலோகத் துகள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்று மின்பொறியின் தாக்கத்தால் மின்னோட்டத்துக்கு வழிவிடுவதை 1890-இல் கண்டார். இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் அத்தகைய குழாயைக்கொண்டு 1894-இல் ஹெர்ட்ஸின் அலைகளை அவையோர் முன் விளக்கினார். அவ்விரிவுரை அச்சேறிக் கடல் கடந்து சென்றது. அதனைக் கற்று ஊக்கம் பெற்றவர்களுள் நம் ஜகதீச சந்திர போஸும் ஒருவர்.

இதன் பின் வருவது 1895-ஆம் ஆண்டு. மாணவர் குறித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு இதுவே. அவ்வாண்டு மே 7-ஆம் நாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் போபோவ், தொலைவில் வெட்டும் மின்னலின் அலைகளை உணரும் கருவியை அறிஞர் அவையில் காட்டினார். இத்தாலியில், பொலோனா நகரை அடுத்த தம் தந்தையின் மாளிகையில், இருபத்தொரு வயது மார்க்கோனி ஒரு குன்றுக்கு அப்பால் கம்பியின்றியே சைகை அனுப்பினார். கல்கத்தா நகர மண்டபத்தில் போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையினால் ஒரு மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்தார். மூன்று நாடுகளில், மூன்று மனிதர்கள், ஒரே ஆண்டில்! தமக்கு முன்னிருந்தோர் இட்ட விதையே இம்மூன்று இடங்களிலும் முளைத்தது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

போஸின் சூழ்நிலையையும் அவர்கள் அறிதல் நலம். 1885-இல் பிரசிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தபோது, ஐரோப்பியருக்குரிய ஊதியம் அவருக்கு மறுக்கப்பட்டது. குறைந்த ஊதியத்தைத் தொட மறுத்து, மூன்றாண்டுகள் சம்பளமின்றியே அவர் பணியாற்றினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் அவருக்குக் கிடைத்தது. கல்லூரியில் தக்க ஆராய்ச்சிக் கூடம் இல்லை. சிறு அறையொன்றில், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். ஐந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே வளைவதையும் திரும்புவதையும் ஆராய்ந்தார். வங்காளத்துச் சணல் நாரை முறுக்கி ஒரு கருவி. ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே உலோகத் தகடுகளைச் செருகி மற்றொரு கருவி! இவற்றைக் கேட்கும் சிறுவன், விஞ்ஞானம் என்பது விலையுயர்ந்த பொருள்களில் தொடங்குவதன்று என்பதைத் தானே உணர்ந்துகொள்வான்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. போஸின் பெருமையைக் கூற விரும்பி, "வானொலி முழுவதும் அவருடையதே, அயலார் திருடிக்கொண்டனர்" என்று கற்பிப்பதும் தவறே. போஸின் நாட்டம் அலைகளின் இயல்பை அறிவதில் இருந்தது. செய்தியை நெடுந்தொலைவு அனுப்பும் தொழிலை வளர்ப்பதையே மார்க்கோனி தம் வாழ்நாள் முயற்சியாகக் கொண்டார். உணர்கருவிகள், உயர்ந்த கம்பங்கள், கப்பல்கள், மூலதனம் ஆகிய அனைத்தையும் ஒன்று திரட்டி, 1901 டிசம்பர் 12-ஆம் நாள் அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பாலிருந்து வந்த சைகையைக் கேட்டதாக அறிவித்தார். அன்று அவர் பயன்படுத்திய பாதரச உணர்கருவிக்கு மூலம், போஸ் 1899-இல் வெளியிட்ட கட்டுரையே என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் 1998-இல் சான்றுகளுடன் வாதிட்டார். மார்க்கோனி 1909-இல் நோபல் பரிசு பெற்றபோதும், ஜெர்மனியின் பிரான் என்பாருடன் அதனைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய புகழ்பெற்ற காப்புரிமை ஒன்றின் முக்கியப் பகுதிகள், லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் முந்திய பணிகளைக் காட்டி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தால் 1943-இல் செல்லாதவையாக்கப்பட்டன.

போஸ் காப்புரிமையை நாடியவரல்லர். எனினும், நண்பர்கள் வற்புறுத்தியதன் பேரில், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக்கொண்டு தாம் அமைத்த உணர்கருவிக்கு விண்ணப்பித்தார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் முதலிய கருவிகளுக்கு அடிப்படையான குறைகடத்திப் பொருள்களை அலைகளை உணரப் பயன்படுத்தும் நெறிக்கு அது ஒரு முன்னோடியாயிற்று. உள்ளதை உள்ளபடி கூறினாலே போஸின் உருவம் உயர்ந்து நிற்கிறது. மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

சரி, வீட்டில் இதனை எவ்வாறு கற்பிக்கலாம்? ஒரு நீண்ட தாளில் கோடு வரைந்து, 1865 முதல் ஆண்டுகளைக் குறிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே, "இவர் கண்டது என்ன? பிடித்தது என்ன? யாரிடமிருந்து பெற்றார்?" என்னும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். சென்னையில் மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிய 1924-ஆம் ஆண்டும், பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்கள் எழுந்த 1927-ஆம் ஆண்டும் அக்கோட்டில் இடம் பெறட்டும். அப்போது அந்தக் கோடு நம் இல்லத்து வாயில் வரை வந்துவிடும்.

வீட்டில் பழைய வானொலிப் பெட்டி இருக்குமாயின், மழைக்காலத்து மாலையில் அதனை மத்திய அலையில் வைத்துக் கேட்கச் செய்யுங்கள். தொலைவில் மின்னல் வெட்டும்போதெல்லாம் பெட்டி கரகரவென்று ஒலிக்கும். 1895-இல் போபோவின் கருவி உணர்ந்த அதே அலை அது. புத்தகத்தில் மனப்பாடம் செய்த பெயர் பரீட்சை முடிந்ததும் மறந்து போகும். தன் காதால் கேட்ட இடியோசை அவ்வாறு மறவாது.

பரீட்சைத் தாளில் ஒரே பெயருக்குத்தான் இடம் உண்டென்றால், ஆசிரியர் கற்பித்த பெயரைப் பிள்ளை எழுதிவிட்டு வரட்டும். ஆனால் வீடு திரும்பியதும் அதன் முன்னும் பின்னும் நிற்கும் பெயர்களை அவனுக்கோ அவளுக்கோ சொல்ல வேண்டியவர்கள் நாமே. ஊர் மாறி வாழும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நற்பேறும் உண்டு. ஓர் ஊரில் ஒரு பெயரும், மறு ஊரில் மற்றொரு பெயரும் கேட்டு வளரும் பிள்ளை, "இரண்டும் எப்படி உண்மையாகும்?" என்று வினவத் தொடங்குகிறது. மாக்ஸ்வெல் முதல் போஸ் வரை அனைவரையும் ஆராய்ச்சியில் இறக்கியது அத்தகைய வினாவே அன்றோ?