சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுகிறவர்களுக்குச் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் தொடர் ஒன்று உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. சாகவும் சாகாது, கிழடும் தட்டாது என்று எந்த ஆட்டைப் பற்றியாவது சொல்ல முடியுமா? கணக்கெழுதுகிறவன் சொல்லலாம். ஒருவர் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்காக 96 ஆடுகளைத் தானமாக விடுகிறார். அவற்றை மன்றாடி எனப்பட்ட இடையர் ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும். கிழடானால் விற்று இளசு வாங்க வேண்டும். மந்தையில் எத்தனை பிறந்து எத்தனை மடிந்தாலும் ஏட்டில் ஆடு 96தான். அதனால்தான் அது சாவதுமில்லை, மூப்பதுமில்லை. விளக்குக்கென்றே பெயர்பெற்ற ஊர் திருவண்ணாமலை. அண்ணாமலையார் கோயில் சுவர்களிலும் சோழர் காலம் தொட்டு விளக்குத் தானங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் தீபத்தை நாடே அறியும். ஆண்டு முழுக்கக் கருவறைப் பக்கம் எரிந்த சின்ன விளக்குகளின் பொருளாதாரத்தை அந்த அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை. இன்று வணிகர்களும் அரசுகளும் சுழற்சிப் பொருளாதாரம், நீடித்த தொழில் என்று பேசுவதன் உட்கரு அந்தச் சின்ன விளக்கில்தான் இருக்கிறது என்பது என் வாதம். ஆனால் வழக்கமாக நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடத்தில் அது இல்லை.

பழைய பொருளை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்பதே வழக்கமான பெருமை. அதை எல்லா ஏழைச் சமூகங்களும் செய்தன. பொருள் அரிதாக இருந்தால் யாரும் எறிய மாட்டார்கள். விளக்குத் தானத்தில் கவனிக்க வேண்டியது கேட்ட அளவு. இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடு வைத்திருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே கடமை, நாளுக்கு ஓர் உழக்கு நெய். நாலு உழக்கு சேர்ந்தால் ஒரு நாழி. ஆக, பதினாறு எருமையிடம் கேட்டது கால் நாழி நெய். அந்தக் காலத்து நாட்டு எருமை இன்றைய அளவுக்குக் கறக்காது, ஆண்டில் பல மாதம் மடி வற்றிக் கிடக்கும், கன்று குடித்தது போக மிஞ்சுவதுதான் மனிதருக்கு என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இது கனமான கேள்வி அல்ல. ஆட்டுக் கணக்கு இவ்வளவு தாராளம் இல்லைதான். செம்மறியின் பால் சொற்பம். ஆனாலும் 96 ஆடு ஈனும் குட்டிகள், புழுக்கை, உரோமம், விற்கும் கிடா எல்லாம் மன்றாடிக்கே. மந்தை தரக்கூடியதற்கும் கோயில் கேட்டதற்கும் நடுவே அகலமான இடைவெளி விடப்பட்டிருந்தது. அந்த இடைவெளிக்குள்தான் மன்றாடியின் பிழைப்பும், பஞ்ச காலத்துச் சாவும், அடுத்த தலைமுறை ஆடும் அடங்கின. முதலைத் தொடாமல் விளைச்சலில் மட்டும் கைவைப்பது ஒரு விதி. அந்த விளைச்சலிலும் முழுவதையும் எடுக்காதே என்பது அதற்கும் மேலான விதி. இரண்டாவது விதியே முதல் விதியைக் காப்பாற்றியது.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் மந்தையை அறியாதவர்கள் அல்லர். திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டு நடுகற்களின் களஞ்சியம். பல்லவர் காலத்துக் கற்களே அங்கே ஏராளம். பெரும்பாலானவை ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட வீரர்களுக்கு எடுத்தவை. எடத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் பட்டதைச் சொல்கிறது. அதோடு நிற்காமல், கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் பதிவு செய்கிறது. ஒரு நாயின் பெயரை ஏழாம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கொண்டுவந்து சேர்த்த நாடு இது. அதற்கும் முன்னால், அன்று செங்கண்மா எனப்பட்ட இதே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது மலைபடுகடாம். மழை குறைந்த, மானாவாரி நிலம் மிகுந்த இந்தப் பகுதியில் கையிருப்பு என்றால் மந்தைதான்; தங்கத்தைப் போலப் புதைத்து வைக்க முடியாத, அன்றாடம் மேய்த்துக் காவல் காக்க வேண்டிய கையிருப்பு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டால் நிலத்துக்கு எரு, இடையனுக்குக் கூலியாகத் தானியம். ஏரி வற்றும் கோடையில் வண்டல் எடுத்து வயலில் கொட்டினால் ஏரிக்கு ஆழம், வயலுக்குச் சத்து. புல் ஆட்டுக்குள் போய் நெய்யாகி விளக்குக்கும், புழுக்கையாகி வயலுக்கும், வயலின் தாள் மறுபடி ஆட்டுக்கும் போன இந்தச் சுற்றுக்கு அப்போது தனியாக ஒரு பெயர் வைக்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

பெயர் வைத்த இடங்களில் நெருக்கடி முந்திக்கொண்டது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் வனவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துகொண்டிருந்தது. வளர்கிற அளவுக்கு மட்டுமே வெட்ட வேண்டும் என்று அவர் வாதிட்டார். நீடித்த பயன்பாடு என்ற கருத்தின் ஐரோப்பிய வரலாற்றை அந்த நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். 1966இல் பொருளியலாளர் கென்னத் போல்டிங் பூமியை ஒரு விண்கலமாகப் பார்க்கச் சொன்னார். 1976இல் வால்டர் ஸ்டாகெல், ஜெனவியேவ் ரெடே இருவரும் ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதிய அறிக்கை, பொருளைச் செய்வதைவிடப் பழுதுபார்த்துத் தக்கவைப்பது அதிக வேலைவாய்ப்பைத் தரும் என்றது. இவர்களுக்கெல்லாம் முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விளையாட்டு நமக்குப் பழகிப்போய்விட்டது, பயனும் இல்லை. கார்லோவிட்ஸ் எழுதியது காடு குறைவதைக் கண்ட பிறகு கொடுத்த எச்சரிக்கை. கல்வெட்டில் இருப்பதோ ஒப்பந்தம்: இன்னார் கொடுத்தார், இன்னார் ஏற்றார், இவ்வளவு அளப்பார், தவறினால் இன்னார் பொறுப்பு. அறிவுரைக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் இன்றைய நிறுவனங்களின் பசுமை அறிக்கைகள் தாண்ட முடியாமல் தவிக்கின்றன.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும், எழவும் வேண்டும். மந்தை சாகவில்லை, சரி; மன்றாடி என்ன ஆனார்? தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு ஏற்றவர் மட்டுமல்ல, அவருடைய உறவுமுறையாரும் நெய்க் கடமைக்குக் கட்டுப்பட்டவர்களாக எழுதப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் பட்ட கடன் தலைமுறை தலைமுறையாகச் சுற்றத்தின் மேல் உட்கார்ந்தது. நோய் வந்து பாதி மந்தை போனாலும் உழக்கு நெய் குறையாது. கொடுத்தவருக்குப் புண்ணியம், கோயிலுக்கு ஒளி, இடையருக்கு இடர். இதைப் பொற்காலம் என்று வருணிப்பவர்கள் இந்த மூன்றாவது பங்கைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மறுப்பில் உள்ள உண்மையை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உண்மை என் வாதத்தைச் சாய்க்கவில்லை. இடர் முழுவதையும் மன்றாடி தலையில் வைத்தவர்களுக்கும்கூட, அவரைப் பிழிந்து எடுத்தால் விளக்கு அணைந்துவிடும் என்பது தெரிந்திருந்தது. பதினாறு எருமைக்குக் கால் நாழியோடு அவர்கள் நிறுத்திக்கொண்டதற்குக் கருணையைவிட இந்தக் கணக்கே காரணமாக இருக்கலாம். எந்தக் காரணமாயினும் அளவு அளவுதான். நீதியற்ற ஓர் ஏற்பாட்டில்கூட விவேகமான ஒரு கணக்கு இருக்க முடியும். கணக்கை எடுத்துக்கொண்டு அநீதியை விட்டுவிட நமக்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு மறுப்பு எளிமையானது: சந்திரர் சூரியர் உள்ளவரை என்று எழுதி வைத்தார்களே, இன்று அந்த ஆடுகள் எங்கே? போய்விட்டன. போரும் அரச மாற்றமும் நிலவுரிமை மாற்றமும் சேர்ந்து கொண்டுபோய்விட்டன. ஆனாலும் அவை கல்லில் மட்டும் வாழ்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளை முதலில் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். கட்டடம் போனாலும் கடன் போகக் கூடாது என்ற நினைப்பு அது. ஏற்பாட்டை உள்ளிருந்து அரித்தது, என் கணிப்பில், உயிருள்ள முதல் ரொக்கமாக மாறியதே. 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில் சொத்துக்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. அரசு எடுத்துக்கொண்ட நிலங்களுக்குப் பதிலாகக் கோயில்களுக்குத் தஸ்திக் என்ற பெயரில் நிலையான தொகை ஒன்று வழங்கப்பட்டது. நிலையான தொகை என்பது கேட்க நன்றாக இருக்கும். நெல் விலை ஏறும், நெய் விலை ஏறும், தொகை அப்படியே நிற்கும். ஆடு ஈனும், ரூபாய் ஈனாது. வட்டி வருமே என்றால், விலைவாசி அந்த வட்டியையும் தின்று முதலிலும் வாய்வைக்கும். இன்றும் கோயில்களில் கட்டளை வைப்பதற்கு இதே முறைதான்: முதலை வங்கியில் போட்டு வட்டியில் அன்னதானமோ அபிஷேகமோ நடத்துவது. முதலைத் தொடக் கூடாது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுக்கு முன் ஒருநாள் சோறு போடப் போதுமாக இருந்த வட்டி இன்று பாயசத்துக்குக்கூடக் காணாது. சாகாத பணமாக இருக்கலாம். மூவாத பணம் இல்லை.

மலைத் தீபத்தின் கணக்கு வேறு மாதிரியானது. ஏறக்குறைய 3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி, ஆளுயரத்தை நெருங்கும் செப்புக் கொப்பரை. பர்வதராஜ குலத்தார் தலைமுறை உரிமையாக ஏற்றும் அந்தச் சுடர் பதினொரு நாள் எரிகிறது. எரிந்து முடிந்தபின் கொப்பரையில் படிந்த கரி மையாகச் சேகரிக்கப்பட்டு, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தப்பட்டு, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகிறது. புகைக்கரியைக்கூட வீணாக்காத ஊர் என்று இதைச் சுழற்சிப் பொருளாதாரத்துக்குச் சான்றாகக் காட்ட ஆசை வருவது இயல்பு. எனக்கு அது பலவீனமான சான்றாகவே படுகிறது. அழகான சடங்கு, ஆனால் மூவாயிரத்துச் சொச்சம் கிலோ நெய் எங்கிருந்து வந்தது, எந்தப் புல்லைத் தின்ற மாட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு சிட்டிகை மை பதில் ஆகாது. கடைசிக் கழிவை என்ன செய்தோம் என்று காட்டி, தொடக்கத்தில் எவ்வளவு எடுத்தோம் என்பதை மறைப்பது இன்றைய வணிக விளம்பரங்களின் கை தேர்ந்த வித்தை. மறுசுழற்சிச் சின்னம் போட்ட குப்பிகளை ஆண்டுதோறும் கூடுதலாகவே உற்பத்தி செய்யும் நிறுவனமும் அந்த வித்தையைத்தான் செய்கிறது. உழக்குக் கணக்கு அதற்கு நேர்மாறானது. அது குப்பையைப் பற்றிப் பேசவே இல்லை, எடுக்கும்போதே அளந்தது.

அந்தக் காலத்து மக்கள்தொகை என்ன, இப்போதுள்ள கூட்டம் என்ன, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டாம், ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பார்க்கலாம். தண்ணீர்க் குப்பி, பிளாஸ்டிக் பூச்சு கொண்ட தட்டு, டம்ளர், பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. இரண்டும் நல்லவை, இரண்டும் வாங்குகிறவரைப் பார்த்தே பேசுகின்றன. ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்க, தைத்த இலையில் அன்னம் போடலாமே என்று அன்னதானம் செய்பவருக்கு அறிவுரை சொல்வதும் அப்படித்தான். இலை தைப்பவருக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைக்காதவரை அது பேச்சாகவே இருக்கும். காட்டிலிருந்து எவ்வளவு இலை பறிக்கலாம் என்ற அளவு இல்லாமல் போனால் அதுவும் ஒரு சூறையாடலாக முடியும். மேய்ச்சலுக்கும் அதே கதிதான். மரம் போய்ப் புல் மண்டிய அண்ணாமலையில் பல ஆண்டுகளாகக் கன்று நட்டு வளர்த்துவரும் தொண்டர்களுக்கு ஆடும் தீயும் பெரும் பகை. அளவு தவறினால் பேராடும் மலையைத் தின்றுவிடும்.

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிமுறைகள், பிளாஸ்டிக் உறைகளை உற்பத்தி செய்பவரும் இறக்குமதி செய்பவரும் சந்தைக்கு விடுபவரும் அவற்றைத் திரும்பச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கின்றன. பழைய சொல்லில் சொன்னால், பிணை. இதுதான் சரியான திசை என்று நினைக்கிறேன். ஆனால் இந்தப் பிணை பதிவேட்டிலும் சான்றிதழிலும் இருக்கிறது. குப்பை பாதையில் கிடக்கிறது. ஒரு நிறுவனத்தார் வேறெங்கோ சேகரிக்கப்பட்ட பிளாஸ்டிக்குக்கான சான்றிதழை வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ள விதிகளிலேயே வழி உண்டு. மன்றாடிக்கு அந்த வசதி இல்லை. அவர் அளக்க வேண்டிய நெய்யை அந்தக் கோயிலில், அந்த விளக்குக்கு, அன்றைக்கே அளக்க வேண்டும். அளக்கத் தவறினால் விளக்கு எரியாததை மாலையில் ஊரே பார்க்கும். விளக்குத் தானக் கல்வெட்டுகளில் ஆட்டைக் கொடுத்தவர் பெயரோடு ஏற்றுக்கொண்ட மன்றாடியின் பெயரும் பலவற்றில் இருக்கிறது. கிரிவலப் பாதையில் கிடக்கும் குப்பியில் இருப்பது விற்றவர் பெயர் மட்டும்தான்.