மாமாவோட ஃபியட்டுக்கு எந்த டயரு?

மக்களே, பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்களுக்குக் கவலையே இல்ல. 1950கள்ல வந்த சிந்துராத்தோ டயரை, பழைய கோலம் மாறாம பிரெல்லி கம்பெனியே இப்பவும் செஞ்சு குடுக்குது. நாகர்கோவில்ல மாமா வீட்டு ஷெட்ல நிக்கறது ஃபெராரி இல்லையே (ஹி ஹி)... ஃபியட் 1100 டிலைட். இதுவும் இத்தாலிக்காரன் வடிவமைச்சதுதான். 1964லேர்ந்து பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி செஞ்சது. பத்மினிங்கற பேரு பின்னால வந்தது.

டயர் அளவு 5.20-14. டியூப் போட்டது, உள்ள நூல் அடுக்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ஓடுற கிராஸ்-ப்ளை. அந்தக் காலத்து டயர் எதுன்னு தேடப்போய் ஒரு விஷயம் சிக்கிச்சு. சியட்டை நம்மூரு கம்பெனின்னுல்லா நெனச்சிருந்தேன்! 1924ல இத்தாலியில துரின் நகரத்துல பொறந்தது அது. பேரோட கடைசி எழுத்தே துரினுக்குத்தான். ஃபியட்டும் அதே துரின். 1958ல சியட் இந்தியாவுக்கு வந்து பம்பாய் பாண்டுப்ல ஆலை போட்டுது. குர்லாவுலேர்ந்து அதே ரயில் பாதையில கொஞ்ச தூரம்தான்.

அப்புறமென்ன, பழைய சியட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஒரு கடை மச்சுல ஒண்ணு கிடைச்சுது, ஓடாதது. மாமா ஓரத்தை வளைச்சுப் பாத்தாரு. மயிரிழை மாதிரி வெடிப்பு. ஓடாம கிடந்தாலும் காத்துல இருக்க ஓசோன் ரப்பரைத் தின்னுரும்.

"ஆரல்வாய்மொழி காத்துல போகும்போ இது வெடிச்சா, உன் சரித்திரமாலே வந்து பிடிக்கும்? ரேடியல் போடு."

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி மாமா, நின்ன இடத்துல ரேடியலைத் திருப்பினா தோளு கழண்டுரும்னேன். கடைசியில அதே அளவுல புது கிராஸ்-ப்ளை போட்டாச்சு, வேற கம்பெனி. சியட் காத்தில்லாம டிக்கியில கிடக்கு... யாராவது வந்தா தொறந்து காட்டுவேன்.