கொயினாவும் கெண்டைக்காலும்

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில் நடுவட்டம் வருகிறது. சாலையின் இருபுறமும் இன்று தேயிலைதான். என் தாத்தா காலத்தில் அங்கே சிங்கோனா மரங்கள் நின்றன. அவர் பட்டை உரிக்கும் கூலியாள். வேலை விட்டு வந்து எத்தனை முறை கை கழுவினாலும் சோற்றில் கசப்பு ஏறிவிடும் என்பாராம். அந்தப் பட்டையின் சாரமான கொயினாவைப் பின்னாளில் கூடலூரில் என் மருந்துக்கடையில் மாத்திரையாக விற்றேன். காய்ச்சலுக்கும் விற்றேன், இரவில் கால் சுருட்டிப் பிடிக்கிறது என்று சீட்டோடு வந்த முதியவர்களுக்கும் விற்றேன். காய்ச்சலுக்குப் பிறந்த மருந்து கெண்டைக்காலுக்கு எப்படி வந்தது, ஏன் விலக்கப்பட்டது என்பது வயதானவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

சிங்கோனாவின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லத்தியே, கவாந்து என்ற பிரெஞ்சுக்காரர்கள் இருவர், ஆண்டு 1820. அன்று மலேரியாவுக்கு இதைவிட நம்பகமான மருந்து இல்லை. பட்டைக்குத் தென் அமெரிக்காவையே நம்பியிருக்க விரும்பாத பிரிட்டிஷ் அரசு, கிளெமென்ட்ஸ் மார்க்கமை அங்கே அனுப்பியது. 1860இல் அவர் கொண்டுவந்த கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த செம்பட்டைக் கன்றுகள் 1861இல் ஊட்டிக்கு வந்து வேர் பிடித்தன. ஊட்டி அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்ஐவர் அவற்றைப் பெருக்கி, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் அமைத்தார்.

மரத்தை வெட்டாமலே பட்டை எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவரும் மெக்ஐவர்தான். பட்டையை நீளவாக்கில் ஒரு கீற்று உரித்து, அடுத்த கீற்றை விட்டு, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டுவார்கள். அங்கே புதிதாக வளரும் பட்டையில் கொயினா கூடுதலாக இருந்தது. தோட்டங்களை உருவாக்கியதில் சீனக் கைதிகளின் உழைப்பும் உண்டு. மலாயாப் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து மதராஸ் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நீலகிரியிலேயே தங்கிவிட்டதை இனவியல் ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். கொயினாவால் பிழைத்தவர்கள் நினைக்க வேண்டியவர்களில் அவர்களும் உண்டு.

நீலகிரிக்குப் போட்டி ஜாவாவிலிருந்து வந்தது. பொலிவியாவில் மானுவேல் இன்க்ரா மமானி திரட்டிய உயர்ரக விதைகளைச் சார்லஸ் லெட்ஜர் 1865இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பங்கை வாங்கிய டச்சுக்காரர்கள் ஜாவாவில் பயிரிட்டு உலகச் சந்தையையே பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளோரோகுயின் வந்ததும் கொயினாவின் தேவையே சுருங்கியது. நடுவட்டத்தில் சிங்கோனா நின்ற இடத்தைத் தேயிலை பிடித்தது.

ஆனால் கொயினாவுக்கு அதற்குள் இரண்டாவது வேலை கிடைத்திருந்தது. 1940இல் மாஸ், ஹெர்மன் என்ற அமெரிக்க மருத்துவர்கள், இரவில் வரும் கை கால் பிடிப்பைக் கொயினா தணிக்கிறது என்று எழுதினார்கள். நரம்பு தூண்டியதும் தசை துள்ளிச் சுருங்கும் போக்கை அது மட்டுப்படுத்துகிறது. படுக்கும்போது 200 அல்லது 300 மில்லிகிராம் என்பது வழக்கமாயிற்று. மலேரியாவுக்குக் கொடுப்பதில் இது சிறு பங்குதான் என்பதால் யாருக்கும் பயம் தோன்றவில்லை.

பயப்பட வேண்டியிருந்தது. சிறிய அளவே சிலருக்கு இரத்தத் தட்டணுக்களைச் சடாரென்று குறைத்து உயிருக்கே உலை வைத்தது. இதயத் துடிப்பின் தாளமும் தப்பக்கூடும். எனவே கால் பிடிப்புக்குச் சீட்டில்லாமல் கொயினா விற்பதை அமெரிக்கா 1994இல் நிறுத்தியது. 2006இல் அனுமதி பெறாத கொயினா மருந்துகள் எல்லாவற்றையும் விலக்க உத்தரவிட்டது. கால் பிடிப்புக்கு இதை வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் 2010இல் எச்சரித்தது. பிடிப்பை அது ஓரளவு குறைப்பது உண்மைதான். மலேரியா கொல்லும் நோய். அதற்காக அந்த ஆபத்தை ஏற்கலாம். கால் பிடிப்பு கொல்லாது. ஒரே மாத்திரை ஓரிடத்தில் நியாயமாகவும் இன்னோரிடத்தில் அநியாயமாகவும் ஆவது இதனால்தான்.

சரி, பிடிப்பு ஏன் வருகிறது? வயதாக ஆகத் தசையை இயக்கும் நரம்பணுக்கள் குறைகின்றன. நடமாட்டம் குறைந்தால் தசைநாரும் இறுகுகிறது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளாலும் பிடிப்பு வரலாம். பிடிப்புக்குக் கலிபோர்னியா மருத்துவர் டேனியல் 1979இல் சொன்ன வழிக்குக் காசு செலவில்லை. சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். பத்து விநாடி அப்படியே நின்று, ஐந்து விநாடி ஓய்ந்து, மறுபடி செய்ய வேண்டும். நாளைக்கு மூன்று வேளை. 2005இல் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில் இத்தகைய பயிற்சியால் பலன் தெரியவில்லை. ஆனால் நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்தவர்கள் ஆறு வாரம் படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டி வந்தபோது பிடிப்பு குறைந்தது. அந்த முடிவு 2012இல் வெளியானது. மெக்னீசியம் மாத்திரையால் முதியவர்களுக்குப் பெரிய பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: தடுமாறாமல் நிற்க முடிந்தவர்கள் முதலில் சுவரிடம் போங்கள். பிடிப்பு அடிக்கடி வந்தால், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பழைய சீட்டைக் காட்டிக் கொயினா மட்டும் கேட்காதீர்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. அதற்குரிய மரியாதை, அதை மலேரியாவுக்கென்றே விட்டுவைப்பதுதான்.