ஆரஞ்சுப் பெட்டியில் தொடங்கிய அதிகாரம்

காஸாவிலும் மேற்குக் கரையிலும் விளைந்த ஆரஞ்சும் காய்கறியும் ஐரோப்பியச் சந்தையை எட்ட வேண்டுமானால், 1980-களில் இஸ்ரேலிய விற்பனை வாரியங்களின் கை வழியாகத்தான் போயாக வேண்டும். பாலஸ்தீன விவசாயி நேரடியாகவே அனுப்பலாம் என்று 1986-இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் ஒரு சலுகை விதி போட்டது. விதி வந்தது, சரக்கு நகரவில்லை. 1987 டிசம்பரில் பாலஸ்தீனர்களின் எழுச்சியான இன்டிஃபாதா வெடித்தது. அடுத்த மார்ச்சில், இஸ்ரேலுடனான உடன்பாட்டின் மூன்று துணை ஒப்பந்தங்கள் ஒப்புதலுக்காக ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. சடங்காக முடிந்திருக்க வேண்டிய காரியம். சபை ஒப்புதல் தர மறுத்துவிட்டது. பாலஸ்தீனர்களின் நேரடி ஏற்றுமதிக்கு வழி பிறந்த பிறகு, அக்டோபரில்தான், மூன்றும் நிறைவேறின.

அப்படி மறுக்கும் உரிமை சபைக்குக் கிடைத்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1987 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த 'ஒற்றை ஐரோப்பியச் சட்டம்', நாடுகளுக்கிடையே சந்தைத் தடைகளை அகற்றுவதற்காக எழுதப்பட்டது. அதன் ஒரு மூலையில், வெளிநாடுகளுடன் செய்யும் இணைவு ஒப்பந்தங்களுக்கும் புதிய நாடுகளைச் சேர்ப்பதற்கும் நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று இருந்தது. படையோ தூதரோ இல்லாத ஒரு சபையின் வெளியுறவுச் செல்வாக்கு பெருமளவு அந்த மூலையிலிருந்துதான் வளர்ந்தது.

அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் அது பேசிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். 1952 செப்டம்பர் 10-இல், ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகத்தின் பொதுப் பேரவையாக முதன்முதலில் கூடியபோது 78 உறுப்பினர்கள். அந்தப் பதவிக்கென்று யாரும் ஓட்டு வாங்கி வரவில்லை. ஆறு நாடுகளின் நாடாளுமன்றங்கள் தங்கள் ஆட்களையே அனுப்பி வைத்திருந்தன. 1962-இல் 'ஐரோப்பிய நாடாளுமன்றம்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டது. மக்கள் ஓட்டுப் போட மேலும் 17 ஆண்டுகள் ஆயின.

1979 ஜூன் 7 முதல் 10 வரை ஒன்பது நாடுகளில் தேர்தல் நடந்தது. 410 இடங்கள், வாக்களித்தவர்கள் 62 சதவீதம். ஜூலையில் முதல் கூட்டத்தைத் தொடங்கிவைத்தவர் சபையிலேயே மூத்தவரான லூயிஸ் வைஸ், வயது 86. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1930-களில் பாரீஸ் தெருக்களில் கிளர்ச்சி செய்தவர். தேர்தலில் வென்று அவரிடமிருந்து தலைவர் நாற்காலியை ஏற்றவர் சிமோன் வெய்; 16 வயதில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிர் தப்பியவர். பேசித் தீர்மானம் போடும் சபையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அன்று அந்த மேடையிலிருந்த இரண்டு பெண்களே பதில் சொல்லியிருக்கக்கூடும்.

அதே தேர்தலில் பவேரியாவிலிருந்து ஜெயித்து வந்தவர் ஒட்டோ ஃபான் ஹாப்ஸ்பர்க். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடைசிப் பட்டத்து இளவரசர். பேரரசு போனபின் ஓட்டுக் கேட்டு வந்த இளவரசர். கிழக்கு ஐரோப்பாவை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. சபையை மறக்கவிடவும் இல்லை. ஹிட்லர்-ஸ்டாலின் உடன்படிக்கையின் 40-ஆவது ஆண்டு நாளான 1979 ஆகஸ்ட் 23-இல், எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியாவைச் சேர்ந்த 45 பேர் தங்கள் நாடுகளின் விடுதலை கேட்டு ஒரு முறையீட்டில் துணிந்து கையெழுத்திட்டிருந்தார்கள். 1983 ஜனவரி 13-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த முறையீட்டின் பக்கம் நின்று தீர்மானம் போட்டது, விவகாரத்தை ஐ.நா.வின் காலனியநீக்கக் குழுவிடம் கொண்டுபோகச் சொன்னது. சோவியத் ஒன்றியம் மசியவில்லை. 1991-இல் மூன்று நாடுகளும் விடுபட்டதற்கு இந்தத் தீர்மானம்தான் காரணம் என்றால், அது லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் சோவியத் டாங்கிகளை மறித்து நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் லித்துவேனிய விடுதலை இயக்கத்தின் தலைவர் விதவுதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் 2004-இல் உறுப்பினராகவே அந்தச் சபைக்குள் நுழைந்து பத்து ஆண்டுகள் இருந்தார் என்பதும் வரலாறுதான்.

தீர்மானத்துக்கு அடுத்தபடி சபையிடம் இருந்தது மேடை. 1981 பிப்ரவரியில் எகிப்து அதிபர் அன்வர் சாதாத் அங்கே வந்து பேசினார். அக்டோபரில் கெய்ரோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1985 மே 8-இல், ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த 40-ஆவது ஆண்டு நாளில், ரொனால்ட் ரீகன் பேசியபோது உறுப்பினர்கள் சிலர் கூச்சலிட்டார்கள், சிலர் எழுந்து வெளியேறினார்கள். 1988-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது வட அயர்லாந்தின் இயான் பெய்ஸ்லி எழுந்து, போப்பை எதிர்க்கிறிஸ்து என்று பழிக்கும் பதாகையைத் தூக்கிக் கத்தினார். அதைப் பிடுங்க ஓடியவர்களில் 75 வயது ஹாப்ஸ்பர்க்கும் ஒருவர். அப்போதே ஒன்பது மொழிகள், இன்று 24. எல்லாம் உடனுக்குடன் மொழிபெயர்க்கப்படுவதால், பேச்சாளர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பு தவணை முறையில்தான் வந்து சேரும். கூச்சலுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை.

மேடையை வெளியுறவுக் கருவியாக்கியது சகாரோவ் விருது. சோவியத் இயற்பியலாளர் ஆந்த்ரேய் சகாரோவ் கோர்க்கி நகரில் காவலில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தபோதே அவர் பெயரில் விருது தர சபை முடிவெடுத்தது. 1988-இல் முதல் விருது இருவருக்கு: சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கும், சிறையிலேயே உயிர்விட்ட சோவியத் அதிருப்தியாளர் அனதோலி மார்ச்சென்கோவுக்கும். 1990-இல் மியான்மரின் ஆங் சான் சூச்சிக்கு அறிவித்தார்கள். வீட்டுக்காவலில் இருந்த அவர் ஸ்ட்ராஸ்பர்க் வந்து வாங்க 2013 ஆனது. ரோஹிங்கியா மக்கள் மீது நடந்த கொடுமைகளுக்கு அவர் துணைபோனார் என்று கூறி, 2020-இல் விருதாளர் வட்டத்தின் நிகழ்ச்சிகளிலிருந்து அவரை விலக்கினார்கள். விருதைத் திரும்ப வாங்கவில்லை.

மறுக்கும் உரிமை இதற்கிடையே வளர்ந்துகொண்டிருந்தது. 1992 ஜனவரியில் மனித உரிமையைக் காரணம் காட்டி சிரியா, மொராக்கோவுக்கான நிதி ஒப்பந்தங்களைச் சபை நிராகரித்தது. பெரிய பாய்ச்சல் லிஸ்பன் உடன்படிக்கையோடு வந்தது. 2009 டிசம்பர் 1 முதல் ஏறத்தாழ எல்லா முக்கிய வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கும் நாடாளுமன்றத்தின் சம்மதம் கட்டாயம்.

அதற்கு முந்தைய நாள், நவம்பர் 30 அன்று, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அவசர அவசரமாக ஒரு காரியம் செய்தார்கள். வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் நிறுவனத்தின் தரவுகளை, பயங்கரவாத நிதியைக் கண்டறிவதற்காக அமெரிக்காவுக்குத் தரும் இடைக்கால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். புதிய உரிமை பிறப்பதற்குள் பழைய கணக்கை முடித்துவிடலாம் என்ற எண்ணம்தான் என்று உறுப்பினர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் நாடாளுமன்றத் தலைவர் யெர்சி புசெக்கைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிப் பார்த்தார். 2010 பிப்ரவரி 11-இல் 378 பேர் எதிர்த்தும் 196 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, ஒப்பந்தம் விழுந்தது. மே மாதம் அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன் பிரசெல்ஸ் வந்து சபையின் முன் உரையாற்றினார். திருத்திய ஒப்பந்தத்தில், அமெரிக்கா கேட்கும் ஒவ்வொரு தரவுக் கோரிக்கையையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சரிபார்க்கும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஜூலையில் 484 வாக்குகளுடன் நிறைவேறியது. அதுவரை பிரசெல்ஸில் அமைச்சர்களையும், ஒன்றியத்தின் நிர்வாகக் கிளையான ஐரோப்பிய ஆணையத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போன வெளிநாட்டுத் தூதர்களுக்கு, மூன்றாவதாக ஒரு கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது என்று புரிந்தது.

இவ்வளவும் கூடத்துக்குள் நடந்த கதை. மக்கள் எங்கே? அதிகாரம் ஏற ஏற, 2014 வரை வாக்குப்பதிவு இறங்கிக்கொண்டே வந்ததுதான் இந்தச் சபையின் விநோதம். 1979-இல் 62 சதவீதமாக இருந்தது 2014-இல் 42.6 ஆனது, ஸ்லோவாக்கியாவில் அந்த ஆண்டு வெறும் 13 சதவீதம். உள்ளூர்ப் பிரதமரைத் தண்டிக்கவோ தட்டிக்கொடுக்கவோதான் பலர் அந்த ஓட்டைப் பயன்படுத்தினார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் யார் எதற்குக் கைதூக்கினார் என்று கேட்பார் இல்லை.

அந்த அலட்சியம் கலைந்த ஒரு தருணம் 2012. போலிப் பொருள்களையும் இணையத் திருட்டையும் தடுப்பதாகச் சொல்லி உருவான ஆக்டா என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் 22 உறுப்பு நாடுகளும் ஜனவரி 26-இல் டோக்கியோவில் கையெழுத்திட்டன. பேச்சுவார்த்தை ரகசியமாக நடந்தது என்பதே பலரை எரிச்சலூட்டியது. போலந்தில் கடும் குளிரில் இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். வார்சா நாடாளுமன்றத்துக்குள்ளேயே சில உறுப்பினர்கள் எதிர்ப்பின் அடையாளமான 'கை ஃபாக்ஸ்' முகமூடி அணிந்து உட்கார்ந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆக்டாவைப் பரிசீலிக்கும் பொறுப்பில் இருந்த காதர் அரீஃப், நடைமுறையையே கண்டித்து விலகினார். உலகெங்கிலுமிருந்து 28 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு வந்து சேர்ந்தது. ஜூலை 4-இல் வாக்கெடுப்பு: ஆதரவு 39, எதிர்ப்பு 478, நடுநிலை 165. முடிவு வந்ததும் உறுப்பினர்கள் பலர் 'வருக ஜனநாயகம், போய் வா ஆக்டா' என்ற பொருளில் மஞ்சள் அட்டைகளை உயர்த்தினார்கள். அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தைப் பற்றிய ஓர் ஒப்பந்தத்துக்காக இவ்வளவு பேர் கிளம்புவார்கள் என்று எந்த அமைச்சரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

ஆக்டா விதிவிலக்கு. அன்றாடம் நடப்பது வியாழக்கிழமைத் தீர்மானங்கள். ஸ்ட்ராஸ்பர்க் அமர்வில் ஒரு தடவைக்கு மூன்று வரை, உலகின் ஏதோவொரு மூலையின் மனித உரிமைப் பிரச்சினையை எடுப்பார்கள். விவாதத்தின்போது நாற்காலிகள் பெரும்பாலும் காலி. வாக்கெடுப்புக்குக் கூடம் நிரம்பும். ஒவ்வொரு கட்சிக் குழுவிலும் முன்வரிசையில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்ட, பின்வரிசை அதைப் பார்த்துக் கையைத் தூக்கும், அல்லது பொத்தானை அழுத்தும். இப்படித்தான் 2023 ஜூலை 13-இல், இந்தியப் பிரதமர் பாரீஸில் இருந்த நாளில், மணிப்பூர் கலவரம் பற்றிய தீர்மானம் நிறைவேறியது. காலனிய மனப்பான்மை என்று தில்லி தள்ளிவிட்டது. பேச்சு அத்தோடு நின்றது.

இலங்கையின் கதை வேறு, ஏனென்றால் அங்கே தீர்மானத்தின் பின்னால் பணம் இருந்தது. ஐரோப்பியச் சந்தைக்கு ஆயத்த ஆடைகளை வரியில்லாமல் அனுப்ப உதவும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையைக் கொழும்பு 2010-இல் இழந்து, 2017-இல் திரும்பப் பெற்றது. 2021 ஜூன் 10-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி ஆணையத்தைக் கேட்டது. அந்தத் தீர்மானத்தில் ஒரு தமிழ்க் கவிஞரின் பெயரும் இருந்தது: அவருடைய கவிதை நூலைக் காரணம் காட்டி அதிகாரிகள் சிறைவைத்திருந்த, மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம். அவர் அந்த டிசம்பரில் பிணையில் வந்தார். பிறகு குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது, நீக்கப்படவில்லை. சலுகை தொடர்ந்தது. சலுகையை நிறுத்தும் அதிகாரம் ஆணையத்திடம் இருக்க, நாடாளுமன்றம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

இந்தத் தீர்மானக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்தவர்களைத் திகைக்க வைத்தது 2022 டிசம்பர். பெல்ஜிய போலீஸ் பிரசெல்ஸில் வீடு வீடாகச் சோதனை போட்டு, சுமார் 15 லட்சம் யூரோ ரொக்கத்தைக் கைப்பற்றியது. கைதானவர்களில் நாடாளுமன்றத்தின் துணைத்தலைவர் ஒருவரும் இருந்தார். கத்தார், மொராக்கோவுக்குச் சாதகமாகச் சபையைத் திருப்பப் பணம் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. அவரும் அந்த இரு நாடுகளும் அதை மறுத்தார்கள். எது எப்படியானாலும், ஒரு விஷயம் தெளிவு. ஒன்றுமில்லாத தீர்மானத்தை வளைக்க யாராவது பை பையாக ரொக்கம் கொடுப்பதாகச் சந்தேகம்கூட எழாது. 2023 செப்டம்பரில் சபை தன் விதிகளைத் திருத்தியது. வெளிநாட்டுத் தூதர்களையும் பரப்புரையாளர்களையும் எந்த உறுப்பினர் சந்தித்தாலும், அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி பதிவிட வேண்டும் என்று ஆனது.