பலியும் பெயரும்: ஒரு சதுரங்கத் தொடக்கத்தின் வரலாறு

சதுரங்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு காயைப் பலிகொடுத்து, அதற்கு ஈடாகத் தாக்கும் வாய்ப்பினைப் பெறும் முறையைக் 'காம்பிட்' என்பர். காலைத் தட்டி வீழ்த்துதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்த இக்கலைச்சொல்லை, ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோப்பஸ் 1561இல் வெளியிட்ட தம் நூலில் ஆண்டார். இம்முறைகளுள் மிகத் துணிவான ஒன்று கல்கத்தாவில் ஆடப்பெற்றது. அதன் வரலாறு பினாங்குத் தமிழராகிய நமக்கு உணர்த்துவது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய பினாங்குக் குடியேற்றம், 1867 வரை இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அரசுக்கு உட்பட்டிருந்தது. அவ்வரசின் தலைநகராகிய கல்கத்தாவில், ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனும் வங்காளியரான மகேசசந்திர பானர்ஜியும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர். 1848இல் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில், மூன்றாம் நகர்த்தலில் காக்ரேனின் வெள்ளைக் குதிரை எதிரியின் நடுச்சிப்பாயை வெட்டியது. பானர்ஜி மற்றொரு சிப்பாயை முன்னகர்த்தி அதனை விரட்டினார். பின்வாங்க வேண்டிய அக்குதிரையோ, கறுப்பு அரசனின் அருகிலிருந்த சிப்பாயையும் வெட்டித் தன்னைப் பலியாக்கியது. குதிரையை வெட்டிய அரசன் கோட்டை கட்டும் உரிமையை இழந்து, அரணின்றி வெளியே நின்றான். ஒரு குதிரைக்கு இரு சிப்பாய்கள் என்பது கணக்களவில் இழப்பே. எனினும் அரசனின் பாதுகாப்பின்மை அவ்விழப்பினை ஈடுசெய்யக்கூடும். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1999இல் லினாரெஸ் நகரில் தோப்பலோவ் இதே பலியைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

இம்முறை இன்றும் 'காக்ரேன் காம்பிட்' என்றே வழங்குகின்றது. பானர்ஜியும் புதுமை செய்தவரே. பின்னாளில் குருன்ஃபெல்ட் என்னும் ஆஸ்திரியரின் பெயரால் அறியப்பட்ட தற்காப்பினை, அவர் 1855ஆம் ஆண்டிலேயே காக்ரேனுக்கு எதிராக ஆடியுள்ளார். ஆயினும் அவர் விரும்பிய ஆட்டவகைகள் 'இந்தியத் தற்காப்பு' என்னும் பொதுப்பெயரையே பெற்றன. ஒருவருக்குத் தனிப்பெயர் வாய்த்தது. மற்றவருக்கு நாட்டின் பெயரே எஞ்சியது. காக்ரேன் தம் ஆட்டங்களைக் குறித்து வைத்திராவிடின் பானர்ஜியின் திறமும் மறைந்தேயிருக்கும் என்பதையும் நாம் மறுத்தற்கில்லை.

இந்நிலையை மலாய் மண்ணிலும் காண்கிறோம். சதுரங்கத்தை மலாய் மொழி 'சாத்துர்' என்கின்றது. மூலைக்காய்க்கு வழங்கும் 'தீர்' என்னும் மலாய்ச் சொல், தமிழ்த் 'தேர்' என்பதன் திரிபெனக் கொள்வர். சொல்லைக் கொணர்ந்த தமிழர் யாவர், எவ்வாறு ஆடினர் என்பதற்குக் குறிப்பில்லை. சொல் நின்றது; ஆடியோர் மறைந்தனர்.

இன்று போட்டியாளர் ஒவ்வொருவரும் நகர்த்தல்களைத் தாளில் எழுதுகின்றனர். போட்டி முடிந்ததும் அத்தாள்கள் குப்பையில் சேராமல், பினாங்கின் பள்ளிகளும் சங்கங்களும் அவற்றைத் தொகுத்துப் பேணுதல் வேண்டும். துணிந்து பலியிட்டோர் பெயர் நிலைப்பது வெற்றியால் மட்டுமன்று, பதிவினாலும் ஆகும் என்பதே கல்கத்தா ஆட்டம் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.