சுகர் கியூப் பிறந்த ஊர்

ஓட்டல் மேசையில் காகிதம் சுற்றி இரண்டிரண்டாக வைக்கிற சுகர் கியூபுக்குப் பிறந்த ஊர் ஒன்று உண்டு. பிறந்த தேதியும் உண்டு: 1843 ஜனவரி 23. அன்றுதான் வியன்னா அரசு அதற்கு ஐந்தாண்டு உரிமம் எழுதிக் கொடுத்தது. ஊரின் பெயர் டாச்சிட்சே. இன்றைய செக் குடியரசின் தெற்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், மொராவ்ஸ்கா டியே என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது. சுமார் ஏழாயிரம் பேர் வசிக்கிறார்கள். சர்க்கரைக் கட்டி பிறந்த நாளில் இந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசுக்குள் அடங்கிய மொராவியா மாகாணம். ஜெர்மன் காகிதங்களில் ஊர்ப்பெயர் டாட்ஷிட்ஸ் என்றிருக்கும்.

கட்டி வருவதற்கு முன் சர்க்கரை எந்த உருவத்தில் கடைக்கு வந்தது என்று தெரியாமல் இந்தக் கதை விளங்காது. ஐரோப்பாவில் அன்று சர்க்கரை என்றால் கூம்பு. அடி அகன்று நுனி உருண்டு, கல்லைப் போல் இறுகிய வெள்ளைக் கூம்பு. சின்னது ஒன்றிரண்டு கிலோ இருக்கும். பெரியது பத்துக் கிலோவைத் தாண்டும். உசத்திச் சர்க்கரை என்றால் கூம்பு சின்னதாக இருக்கும், மட்டமானதைப் பெரிதாக வார்ப்பார்கள்.

அதைச் செய்வது லேசான வேலை இல்லை. கப்பலில் வந்த பழுப்புக் கச்சாச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவார்கள். அழுக்கைத் திரட்டி எடுக்க மாட்டு ரத்தம் ஊற்றுவார்கள், நிறத்தை எடுக்க எலும்புக் கரியில் வடிகட்டுவார்கள். (வெள்ளை வெளேரென்ற சர்க்கரைக்குப் பின்னால் கசாப்புக் கடை இருந்தது என்பதை அன்றைய சீமாட்டிகள் அறிந்திருந்தார்களோ என்னவோ.) பாகு பதத்துக்கு வந்ததும் நுனியில் ஓட்டை போட்ட மண் கூம்புகளில் தலைகீழாக ஊற்றி நிறுத்துவார்கள். சர்க்கரை மேலே உறைந்து நிற்கும், கழிவுப் பாகு ஓட்டை வழியாகக் கீழே சொட்டும். பிறகு அகன்ற வாயில் ஈரக் களிமண்ணை அப்புவார்கள். களிமண்ணிலிருந்து மெல்லக் கசியும் தண்ணீர் கூம்புக்குள் இறங்கி, மிச்சமிருக்கும் பழுப்பைக் கழுவிக்கொண்டு போகும். இப்படி வாரக்கணக்கில் இழுக்கும். பின்பு கூம்பை உருவி, அடுப்பறையில் உலர்த்தி, நீலக் காகிதத்தில் சுற்றி அனுப்புவார்கள். நீலத்துக்கு நடுவே வைத்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும் என்பது வியாபாரியின் கணக்கு.

ஆலையில் பட்ட பாட்டின் மிச்சத்தை வீட்டுப் பெண்கள் பட்டார்கள். கூம்பைச் சின்னக் கோடரியாலோ சுத்தியலாலோ உடைக்க வேண்டும். உடைந்த துண்டங்களை இடுக்கி போன்ற சர்க்கரைக் கத்தரியால் மேலும் நறுக்க வேண்டும். ஒரு துண்டு நெல்லிக்காய் அளவு வரும், அடுத்தது விரல் நீளத்துக்குப் போகும், பாதி தூளாகிக் கீழே சிந்தும். விருந்தாளியின் கோப்பையில் எத்தனை இனிப்பு விழும் என்பது கத்தரி பிடித்தவரின் கை வாகைப் பொறுத்தது. கை நழுவினால் ரத்தம்.

டாச்சிட்சேவுக்குச் சர்க்கரை ஆலை வந்தது ஒரு தோல்வியின் வழியாக. பீட்ரூட் இனத்துக் கிழங்கில் கரும்புச் சர்க்கரையே இருக்கிறது என்று பெர்லினில் ஆந்திரெயாஸ் மார்க்கிராஃப் 1747-இல் கண்டுபிடித்தார். நெப்போலியன் போர்க் காலத்தில் கடல் வழி அடைபட்டுக் கரும்புச் சர்க்கரை கிடைக்காமல் போனபோது ஐரோப்பா பீட்ரூட்டின் பக்கம் திரும்பியது. போர் முடிந்ததும் கரும்புச் சர்க்கரை மறுபடி கப்பலேறி வந்தது, பீட்ரூட் ஆலைகள் பல படுத்துவிட்டன. ஆனாலும் ஆசை விடவில்லை. 1829-இல் டாச்சிட்சேவை ஒட்டிய கோஸ்டெல்னி விட்ரி என்ற சிற்றூரில் ஃப்ரான்ஸ் கிரெப்னர் பீட்ரூட் சர்க்கரை ஆலை ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். அந்தக் குளிர்ந்த மேட்டு நிலம் பீட்ரூட்டுக்குத் தோதாக இல்லை. 1833-இல் டாச்சிட்சேவுக்கே வந்து, வெளியிலிருந்து வரும் கரும்புக் கச்சாச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் ஆலையாக மாற்றிக்கொண்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். டாச்சிட்சேவுக்குக் கிட்டே கடல் கிடையாது. கச்சாச் சர்க்கரை ஏட்ரியாட்டிக் கடலோரத்து ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் இறங்கி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, வியன்னா பக்கமாக ஏறி வர வேண்டும். வியன்னாவையும் ட்ரியெஸ்டையும் இணைக்கும் ரயில் பாதை முழுதாக முடிந்தது 1857-இல்தான். அதற்கு முன் வழியில் பெரும்பகுதி குதிரை வண்டிதான். வண்டிக் கூலியை ஏற்றிக்கொண்டு வரும் சரக்கைச் சுத்திகரித்து, கூம்பாக வார்த்து, மறுபடி வண்டியேற்றி நகரங்களுக்கு அனுப்பி லாபம் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரும் வேலைக்கு ஆளும் இருந்தால் மட்டும் ஓடக்கூடிய தொழில் இல்லை இது. இந்த ஆலைக்கு வித்தியாசமாக ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

1840-இல் ஆலையின் நிர்வாகத்துக்கு வந்தவர் யாக்கோப் கிறிஸ்டோஃப் ராட். ரைன் நதிக்கரையில் சுவிட்சர்லாந்தின் ரைன்ஃபெல்டன் நகரில் 1799-இல் பிறந்தவர். மனைவி யூலியானாவோடு டாச்சிட்சேவில் குடியேறினார்.

ஊர் சொல்லும் கதை இது. 1841 கோடையில் ஒருநாள் யூலியானா கூம்புச் சர்க்கரையை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். கட்டுப் போட்ட விரலோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தவர், வெட்டவே வேண்டியிராத சர்க்கரையை யாராவது செய்யக் கூடாதா, எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கக் கூடாதா என்று கணவரிடம் பொரிந்து தள்ளினார். சில மாதங்கள் கழித்து ராட் ஒரு பெட்டியை மனைவியின் கையில் கொடுத்தார். உள்ளே வெள்ளையும் சிவப்புமாகச் சர்க்கரைக் கட்டிகள், சுமார் 350.

கண்டுபிடிப்புக் கதைகளில் விரலை வெட்டிக்கொள்ளும் மனைவியும், ஆப்பிள் தலையில் விழும் மேதையும் அடிக்கடி தட்டுப்படுவார்கள். அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஆனால் இதில் விஷயம் இருக்கிறது. சர்க்கரை ஆலைகளின் கவனம் முழுக்க வெண்மையில் இருந்தது, கழிவுப் பாகை எப்படி வேகமாக வடிப்பது என்பதில் இருந்தது. ஆலை வாசலைத் தாண்டிய பிறகு கூம்பு என்ன பாடுபடுத்துகிறது என்று யோசிக்க, அதோடு தினமும் மல்லுக்கு நிற்கிற ஒருவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த வகையில் யோசனை யூலியானாவுடையது என்றே நான் சொல்வேன். உரிமம் என்னவோ கணவர் பெயரில் வந்தது.

ராட் செய்த கருவி ஒரு கை அச்சு. பித்தளைத் தட்டு ஒன்று. அதில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான சதுரத் துளைகள். கூம்புச் சர்க்கரையை அரைத்துச் சலித்து, லேசாக ஈரப்படுத்தி, துளைகளில் நிரப்பி, மேலிருந்து அழுத்த வேண்டும். அழுத்தியதும் கட்டிகளைக் கீழே தள்ளி உலர வைத்தால் வேலை முடிந்தது.

சூட்சுமம் ஈரத்தில் இருக்கிறது. நம் வீட்டில் புட்டுக்கு மாவு பிசிறுகிற பக்குவம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சர்க்கரையில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் பாகாகி அச்சில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் பெட்டிக்குள்ளேயே பொடிந்துவிடும். சரியான ஈரத்தில், ஒவ்வொரு படிகத்தின் மேற்பரப்பும் ஒரு மெல்லிய ஏடு அளவுக்கு மட்டும் கரைகிறது. உலரும்போது கரைந்த சர்க்கரை பக்கத்துப் படிகங்களுக்கு நடுவே மறுபடி படிகமாகி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. பசை கிடையாது, மாவு கிடையாது. சர்க்கரையைச் சர்க்கரையே ஒட்டுகிறது. அதனால்தான் சுகர் கியூப் காப்பியில் விழுந்ததும் அந்த மெல்லிய பாலங்கள் முதலில் கரைந்து, கட்டி பொலபொலவென்று சரிகிறது.

உரிமம் கைக்கு வந்த 1843-ஆம் வருடமே கட்டிகள் விற்பனைக்குப் போயின. பெயர் தேநீர்ச் சர்க்கரை. பெட்டி சீனத் தேயிலைப் பெட்டியின் சாயலில் இருந்தது, உள்ளே 250 கட்டிகள், எடை ஒரு பவுண்டு, விலை 50 கிராய்ட்சர். வியன்னா பவுண்டு என்பது 560 கிராம். கணக்குப் போட்டால் ஒரு கட்டி இரண்டே கால் கிராமுக்குப் பக்கத்தில் வருகிறது. விலையைப் பாருங்கள்: 60 கிராய்ட்சர் சேர்ந்தது ஒரு கில்டர். பத்துக் கிராய்ட்சர் குறைய ஒரு கில்டர் என்பது கூலிக்காரர் வீட்டுச் சாமான் இல்லை. தேநீர் விருந்து வைக்கிற வீடுகளைக் குறிவைத்த சரக்கு அது, பெட்டியின் அலங்காரமே அதைச் சொல்லிவிடுகிறது. வியன்னாவில் சரக்கு பெயர் வாங்கியது. பின்னால் வியன்னா கட்டிச் சர்க்கரை என்றே அதைச் சொன்னார்கள். செய்த ஊரின் பெயர் பெட்டியிலிருந்து நழுவிப் போனது.

ஊரிலிருந்து ஆலையும் நழுவியது. ராட் 1846-இல் டாச்சிட்சேவை விட்டு வியன்னாவுக்குப் போனார். 1850-களின் தொடக்கத்தில் சுத்திகரிப்பு ஆலை மூடப்பட்டது. கட்டி ஜெயித்தும் ஆலை ஏன் தோற்றது? தூரம் ஒரு காரணம் என்றேன். ட்ரியெஸ்ட் பாதை முடியும்போது ஆலை இல்லை, டாச்சிட்சேவுக்கே ரயில் வந்தது 1902-இல். இரண்டாவது காரணம் ராடின் முறையிலேயே இருந்தது. முதலில் வாரக்கணக்கில் பாடுபட்டுக் கூம்பு செய்கிறீர்கள். அப்புறம் அந்தக் கூம்பை அரைத்துத் தூளாக்குகிறீர்கள். அப்புறம் தூளை மறுபடி கட்டியாக்குகிறீர்கள். ஒரு வேலைக்கு இரட்டைக் கூலி. இதற்கிடையில் பொஹீமியாவிலும் மொராவியாவிலும் சமவெளிகளில் பீட்ரூட் ஆலைகள் மளமளவென்று பெருகின. கிரெப்னர் பீட்ரூட்டை நம்பியது தப்பில்லை. தேர்ந்தெடுத்த நிலமும் காலமும்தான் கைகொடுக்கவில்லை.

கட்டியில் பணம் பார்த்தவர்கள் அடுத்த தலைமுறைக்காரர்கள். 1870-களில் கொலோனைச் சேர்ந்த ஆய்கன் லாங்கன், கூம்பு என்ற சங்கதியையே தூக்கிப் போட்டார். பாகைச் சுழலும் எந்திரத்துக்குள் பலகைகளாக உறைய வைத்து, கழிவுப் பாகைச் சுழற்றியே வெளியேற்றி, பலகையை அறுத்துக் கட்டிகளாக்கினார். (இதே லாங்கன்தான் நிக்கோலாஸ் ஓட்டோவின் எஞ்சின் முயற்சிக்கு முதல் போட்டவர். வுப்பர்டால் நகரில் இன்றும் தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலுக்கும் யோசனை இவருடையது.) அந்த முறையின் உரிமையை இங்கிலாந்துக்கு வாங்கியவர் லிவர்பூலில் மளிகைக் கடை வைத்து மேலே வந்த ஹென்றி டேட். 1878-இல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் சில்வர்டவுன் ஆலையைத் திறந்தார். அந்தக் காசில்தான் 1897-இல் டேட் கேலரி திறந்தது. ஓவியம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரைக் கட்டி நினைவுக்கு வரும்? டாச்சிட்சே நினைவுக்கு வர வாய்ப்பே இல்லை.

லாங்கனும் அவருக்குப் பின் பெல்ஜியத்தின் அடாங்கும் சர்க்கரையை உறைய வைத்து அறுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் லூயி ஷாம்போன் எந்திரத்தை வேறு விதமாக அமைத்தார். சுழலும் உருளையில் சதுரக் குழிகள். அதில் ஈரச் சர்க்கரை விழுகிறது, அழுந்துகிறது, வெளியே தள்ளப்படுகிறது, உலர்கிறது. அரைக்கக் கூம்பு வேண்டியதில்லை, படிகச் சர்க்கரை ஆலையிலிருந்து நேரே வந்துவிடுகிறது. ஓட்டும் கைக்குப் பதில் மோட்டார். மற்றபடி இது ராடின் பித்தளைத் தட்டுதான். ஈரச் சர்க்கரையை அச்சில் அழுத்தும் முறைதான் இன்றைய ஆலைகளில் பரவலாக நிற்கிறது. முதலில் வந்தவர் பிடித்த வழி சரியான வழி, அவருக்குக் கிடைத்த மூலப்பொருளும் ஊரும்தான் சரியில்லை என்பது என் தீர்ப்பு.

ராட் 1871-இல் வியன்னாவில் இறந்தார். டாச்சிட்சே இப்போதும் தொழிற்சாலை ஊர்தான், ஆனால் சர்க்கரை கிடையாது. கார் உதிரிபாகங்கள் செய்கிறார்கள். மார்க்கர் பேனா செய்யும் சென்ட்ரோபென் கம்பெனி இந்த ஊர்க்காரர்களுடையது. சர்க்கரைக்கு மிச்சமிருப்பது ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியும், பீடத்தின் மேல் பளபளக்கும் ஒரு வெள்ளைக் கனசதுரமும். தளபதிக்கும் கவிஞருக்கும் சிலை வைத்த ஊர்கள் ஐரோப்பாவில் ஏராளம். சர்க்கரைக் கட்டிக்கு நினைவுச்சின்னம் வைத்திருப்பது வேறு எங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காது.

செக் நாட்டுக்குப் போகும் நம்மவர்கள் பிராகைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களானால் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள டெல்ச் நகரச் சதுக்கம் வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். டெல்ச்சிலிருந்து டாச்சிட்சே தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரம் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.