பண்பாட்டுக் கற்றலும் கைச்சைகை ஆய்வும்

பண்பாடு என்பது மானிடவியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அன்றாட வழக்கில் பண்பாடு உடையவர் என்றால் நயமும் நல்லொழுக்கமும் உடையவர் என்று பொருள்படும். மானிடவியலில் இது பாராட்டுச் சொல் அன்று. உண்ணுதல், உடுத்தல், பேசுதல், வழிபடுதல் என ஒரு சமூகத்தார் கற்றுக்கொண்ட வாழ்க்கை முறை முழுவதையும் இச்சொல் குறிக்கிறது. இப்பொருளில் பண்பாடு இல்லாத மக்கள் எவரும் இலர்.

கருத்தின் தோற்றம்

இங்கிலாந்து மானிடவியலாளர் எட்வர்டு டைலர் 1871-இல் வெளியிட்ட நூலில், பண்பாடு என்பது மனிதர் சமூகத்தில் வாழ்வதன் வழியாகப் பெறுவது என வரையறுத்தார். ஆனால் எல்லாச் சமூகங்களும் ஒரே ஏணியின் வெவ்வேறு படிகளில் நிற்பதாகவும் அவர் கருதினார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பிரான்ஸ் போவாஸ் அந்த ஏணியை ஏற்கவில்லை. ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் சொந்த வரலாற்றைக் கொண்டே அறிய வேண்டும் என்றார்.

குருதியா, பழக்கமா?

மக்களின் நடத்தை அவரவர் இனத்தின் குருதியிலேயே உள்ளது என்ற கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. 1924-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வருகையை வெகுவாகக் குறைத்தது. ஜெர்மனியில் 1933-இல் நாசிகள் போவாசின் நூல்களை எரித்தனர். பேசும்போது கையை அசைக்கும் விதமும் இனத்தின் அடையாளமே என்று இனவாத எழுத்தாளர்கள் எழுதினர்.

இக்கூற்றைப் போவாசின் மாணவர் டேவிட் எப்ரோன் நியூயார்க் நகரில் சோதித்தார். கிழக்கு ஐரோப்பிய யூதர், தென் இத்தாலியர் ஆகிய இரு குடியேறிகளின் சைகைகளைத் திரைப்படமாகப் பதிவு செய்தார். ஓவியர் ஸ்டைவசன்ட் வான் வீன் அவற்றை நேரில் கண்டு வரைந்தார். ஆய்வு 1941-இல் நூலாக வெளிவந்தது.

மரபுவழி வாழ்ந்த யூதர்கள் முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து, சிறு அசைவுகளால் தம் எண்ணத்தின் போக்கைக் காற்றில் வரைந்தனர். இத்தாலியர் தோளிலிருந்து கையை அகல வீசினர். சொல்லே இன்றிப் பொருள் தரும் சைகைகளும் அவர்களிடம் மிகுதி. ஆனால் அமெரிக்க வாழ்க்கையில் கலந்துவிட்ட இரு சமூகத்தாரின் வழித்தோன்றல்களிடம் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருந்தது. குருதி மாறவில்லை, சைகை மாறிவிட்டது. இரு சூழல்களிலும் பழகிய சிலர் இரு வகைச் சைகைகளையும் கையாண்டனர்.

கற்கும் முறை

இச்சைகைகளுக்குப் பாடநூல் இல்லை. குழந்தை பெரியோரைப் பார்த்து, தன்னை அறியாமலே அவற்றைப் பெறுகிறது. இதனால்தான் கற்றது பிறவிக் குணம்போலத் தோன்றுகிறது. இவ்வாறு சொந்தப் பண்பாட்டைக் கற்பதற்குப் போவாசின் மற்றொரு மாணவரான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1948-இல் தனிக் கலைச்சொல் தந்தார். அது தமிழில் பண்பாட்டுவயமாதல் எனப்படும்.

கற்கும் திறன் மனிதர் அனைவருக்கும் பிறவியில் அமைந்தது. கற்கும் பொருள் வளரும் சூழலைப் பொறுத்தது. ஆகவே ஒரு மக்களின் பழக்கத்தைக் காட்டி, அவர்கள் பிறப்பாலேயே இத்தகையோர் என்று முடிவு கட்டுவதற்கு இடமில்லை.